ரோஸியின் நாக்கு

போன மாதம் டெக்சாஸில் ஆலன் நகருக்கு வடக்கே ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். வாசலில் பசு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளிப் பசுவைக் கன்றோடு வைத்திருந்தார்கள். "நிஜப் பசு கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரப் பெண் சிரித்தாள். "எங்க காலனி சங்கத்துல பர்மிஷன் கிடைக்காது அங்கிள். அதுவும் இல்லாம, நீங்க வர்ற ஃபங்ஷன்னு தெரிஞ்சா மாடே வராதுன்னு அம்மா சொன்னாங்க." என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். சின்னவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

காரில் திரும்பும்போது என் மனைவி வசந்தா, "எத்தனை நாளைக்கு வடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவீங்க? எழுதிக் கொடுத்துடுங்க" என்றாள். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவத்தை ஆண்டு மலருக்கு எழுத வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகளும் ஆறு மாதமாக நச்சரிக்கிறார்கள். சரி, எழுதுகிறேன். "உங்களை நல்லவரா காட்டிக்காம எழுதணும்" என்பதுதான் வசந்தா போட்ட ஒரே நிபந்தனை.

நான் மாட்டு டாக்டர். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரன். நம் ஊரில் பதினோரு வருஷம் அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தேன். 1990-ல் வசந்தாவின் அண்ணன் மூலம் கிரீன் கார்டு வந்து டெக்சாஸுக்குக் குடி வந்தோம். வந்த புதிதில் என் பட்டம் இங்கே செல்லவில்லை. ஒரு நாய் ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவிக்கொண்டு பரீட்சைகள் எழுதினேன். அந்த மூன்று வருஷமும் வசந்தாதான் டேகேரில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். பிறகு மாநில அரசின் கால்நடைத் துறையில் கள டாக்டராக இடம் கிடைத்தது. வார இறுதி விருந்துகளில் எல்லோரும் எந்த கம்பெனி என்று கேட்பார்கள். மாட்டுக் கம்பெனி என்பேன். அதற்குமேல் பேச்சு வளராது.

வேலையில் சேர்ந்த மறு வருஷம், வெளிநாட்டுக் கால்நடை நோய்களை அடையாளம் காணும் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கிழக்குக் கடலோரத்தில் படகேறிப் போக வேண்டிய ஒரு தீவு. உள்ளே போகும்போது போட்டிருப்பது எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வெளியே வரும்போது தலைக்குக் குளித்து, மூக்கைச் சிந்தி, நகக்கண் வரை தேய்க்க வேண்டும். அதற்கப்புறம் ஐந்து நாளைக்கு எந்த மாட்டின் பக்கமும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அங்கே ஒரு கன்றுக்கு வேண்டுமென்றே கோமாரியைக் கொடுத்து எங்களுக்குக் காட்டினார்கள். வாயில் எச்சில் நூலாக வடிந்தது. நாக்கில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. குளம்பு இடுக்கில் புண். கூட இருந்த அமெரிக்க டாக்டர்கள் யாரும் அதற்கு முன்னால் அதைப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் பல தலைமுறையாக அந்த நோய் இல்லை. நானோ டவுசர் போட்ட காலத்திலிருந்தே பார்த்தவன்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன செய்வீர்கள் என்று பயிற்றுநர் கேட்டார். வாயைக் கழுவிவிடுவோம், காலில் வேப்பெண்ணெய் போடுவோம், ராகிக் கூழை ஆறவைத்து ஊற்றுவோம், கறவை குறைந்துபோகும், சின்னக் கன்றுகள் சில சமயம் செத்துப்போகும், பெரிய மாடுகள் பெரும்பாலும் எழுந்துவிடும் என்றேன்.  உயிரோடு விட்டுவிடுவீர்களா என்று ஒருவர் கேட்டார். ஏதோ தப்பு செய்துவிட்டவனைக் கேட்பதுபோல் இருந்தது. இங்கே ஒரு மாட்டுக்கு வந்தால் அந்தப் பண்ணையில் இருக்கும் அத்தனை மாட்டையும் கொன்று புதைப்பார்கள். நோய் காற்றில் போகும், செருப்பு மண்ணில் போகும். ஒரு பண்ணையில் விட்டால் நாடு முழுக்கப் பரவிவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் மேலதிகாரி டாக்டர் வாக்கரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆறடிக்கு மேல் உயரம், மேற்கு டெக்சாஸ்காரர். பசுக்களை "மேம்" என்று கூப்பிடுவார். மனிதர்களை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாம் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். இன்னும் ஏதோ பாக்கி வைத்திருக்கிறோம் என்று நமக்கே தோன்றிவிடும். சந்தேகக் கேஸ் என்றால் அவரிடம் இரண்டு தாள் கொடுக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கண்ணால் பார்த்தது. மஞ்சள் தாளில் மனசில் நினைத்தது. பென்சிலால்தான் எழுத வேண்டும், கிருமிநாசினி பட்டால் மை ஓடிவிடும். ஒருமுறை குதிரைகளுக்கு வாய்ப்புண் பரவியபோது, "வைக்கோலில் முள் இருந்திருக்கலாம்" என்று வெள்ளைத் தாளில் எழுதிவிட்டேன். முள்ளைப் பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். அந்தத் தாளை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் பார்க்காததை நான் வெள்ளைத் தாளில் எழுதியதில்லை. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டால் எந்தத் தாளிலும் அது வராது. இது புரிய எனக்கு இன்னும் சில வருஷம் ஆயிற்று.

இனி ஹேஸல். ஆலனைத் தாண்டி வடக்கே, வீடுகள் முளைக்காமல் மிச்சம் இருந்த பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்னப் பண்ணை. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம். பதினோரு ஜெர்சிப் பசுக்களோடு தனியாக இருந்தாள். வயது எழுபதை ஒட்டி இருக்கும். வருஷாந்தரப் பரிசோதனைக்கு நான்தான் போவேன். கிரகப்பிரவேசத்துக்கு மாடு வேண்டும், நீங்கள்தானே மாட்டு டாக்டர் என்று நம் ஆட்கள் முதல்முறை என்னைப் பிடித்தபோது ஹேஸலிடம்தான் போய் நின்றேன். மாட்டை என்ன செய்வார்கள் என்று சந்தேகமாகக் கேட்டாள். குளிப்பாட்டிப் பொட்டு வைப்பார்கள், பழம் கொடுப்பார்கள், காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், தங்களுக்கு முன்னால் புது வீட்டு வாசலுக்கு அதை வரச்சொல்வார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அவ்வளவுதானா? இவளுக்கு அது ரொம்ப நாளா வர வேண்டிய மரியாதைதான்" என்று சொல்லி, ரோஸியை அனுப்பச் சம்மதித்தாள்.

ரோஸிக்குத் தேன் நிறம், மை தீட்டிய மாதிரி கண். நாலு வருஷத்தில் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டாள். சாஸ்திரிகளைவிட அவளுக்கு முறை தெரியும் என்று நாங்கள் கேலி பேசுவோம். டிரெய்லரிலிருந்து இறங்கி நேராக வாசலுக்கு நடந்து, படி முன்னால் தானாக நின்று வாழைப்பழத்துக்குக் காத்திருப்பாள். ஒரு வீட்டில் புதுக் கார்பெட்டில் சாணம் போட்டுவிட்டாள். வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது, அவருடைய மாமியாரோ லட்சுமி கடாட்சம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதிலிருந்து வீட்டு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வேயோடு நிறுத்திக்கொள்வது என்று ஏற்பாடு.

2001-ம் வருஷ வசந்த காலம். இங்கிலாந்தில் கோமாரி பரவி, மாடுகளை அடுக்கி எரிப்பதைத் தினமும் டிவியில் காட்டினார்கள். எங்கள் துறையில் யாருக்கும் நிம்மதி இல்லை. அந்தச் சமயத்தில்தான் செந்தில், கவிதா தம்பதி ஆலனில் வீடு வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் வைத்தார்கள். செந்திலுக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை, தாராபுரம் பக்கத்துப் பையன், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி. அவனுடைய அம்மா ருக்குமணி, அதற்கு நாலு நாள் முன்னால்தான் முதல்முறையாக விமானம் ஏறி வந்திருந்தார். வசந்தா விடிவதற்கு முன்பே போய் டிரைவ்வே முழுக்கக் கழுவிவிட்டுப் பெரிய கோலம் போட்டாள். கோலப்பொடி ஏற்பாடு என்னுடையது. கோலம் அவ்வளவு வெள்ளையாக இருந்தது, எதிர்வீட்டு அமெரிக்கர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரோஸி வந்து கோலத்தின் நடுவில் நின்றாள். மஞ்சள் தண்ணீரால் கால் கழுவினார்கள். வாழையிலையில் வைத்த வெல்ல அரிசியை ருக்குமணி அம்மா கையால் அள்ளி ஊட்டினார். கீழே சிந்தியதையும் ரோஸி விடாமல் நக்கி முடித்தாள். அந்த அம்மா அவளுடைய கழுத்தில் முகத்தை வைத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். வந்த நாலு நாளில் அப்போதுதான் அம்மா சிரித்ததைப் பார்த்தேன் என்றான் செந்தில். நான் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஹேஸலிடமிருந்து போன். ரோஸி நேற்று மாலையிலிருந்து தின்னவில்லை, வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, பின்னங்காலை ஊன்றாமல் தூக்குகிறாள் என்றாள். என் கையில் காபி இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

பண்ணைக் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தினேன். மேலுடுப்பு, ரப்பர் பூட்ஸ், கையுறை, பூட்ஸுக்குக் கிருமிநாசினி வாளி. எல்லாம் தீவில் கற்றுக்கொண்ட வரிசைப்படி. ஹேஸல் ரோஸியின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கை மெல்லிய துணியால் பற்றி வெளியே இழுத்தேன். நுனியிலும் ஓரத்திலும் தோல் வெந்து உரிந்திருந்தது. உதட்டின் உட்புறத்தில் ஒரு கொப்புளம் உடையாமல் நின்றது. மூக்குத் தோல் சிவந்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டிலும் குளம்பு இடுக்கு புண்ணாகி நீர் கசிந்தது. காய்ச்சல் கொஞ்சம்தான். மற்ற பத்து மாடுகளின் வாயையும் திறந்து பார்த்தேன், சுத்தமாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமை தொற்றியிருந்தால், இரண்டே நாளில் கோமாரி வெளியே தெரிவது கொஞ்சம் சீக்கிரம்தான். ஆனால் வராது என்று யாரும் எழுதித்தர முடியாது.

வண்டிக்கு வந்து செந்தில் வீட்டுக்கு போன் செய்து ருக்குமணி அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். ஊரில் உங்கள் மாடுகளெல்லாம் சௌக்கியமா என்று கேட்டேன்.

"சின்னதுக்கு வாயும் காலும் வெந்து போச்சுங்க தம்பி. கோமாரிதானுங்க. கூழு கரைச்சு ஊத்திப்போட்டு, கட்டுத்தறியிலிருந்து அப்படியே கார் ஏறி வந்தனுங்க."

ஏர்போர்ட்டில் பண்ணைக்குப் போனீர்களா என்று கேட்டிருப்பார்களே என்றேன். எது கேட்டாலும் நோ சொல்லும்மா, இல்லாவிட்டால் பெட்டியைக் கொட்டிக் கிளறுவார்கள் என்று செந்தில் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவரும் எல்லாவற்றுக்கும் நோ சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலில் போட்டிருந்தது ஊர்ச் செருப்பு.  நாலு வருஷமாக எத்தனையோ வீட்டுக்கு ரோஸியை நான் அழைத்துப் போயிருக்கிறேன். ஊரிலிருந்து வந்த ஒரு மனுஷியிடமாவது உங்கள் வீட்டில் மாடு உண்டா என்று கேட்டதில்லை.

வாக்கரைக் கூப்பிட்டேன். வெள்ளைத் தாளில் எழுதியதை முதலில் படித்தேன், மஞ்சளைப் பிறகு. அந்த வீட்டு விசேஷத்தில் நானும் இருந்தேன் என்பதை வெள்ளையில் எழுதியிருந்தேன்.  ஒரு மாடு மட்டும்தானா என்று அவர் கேட்டார். ஒன்றுதான் என்றேன். கேட்டுக்குச் சங்கிலி போடு, மாதிரி எடு, நானும் வருகிறேன் என்றார். உரிந்த தோலையும் ரத்தத்தையும் மூன்று டப்பாக்களில் ஒன்றுக்குள் ஒன்றாக அடைத்து, ஐஸ் வைத்து, விமானத்தில் அந்தத் தீவுக்கே அனுப்பினோம். முதல் பதில் மறுநாள் மாலை வரும் என்றார்கள். அதுவரை பண்ணையிலிருந்து ஒரு சொட்டுப் பால்கூட வெளியே போகக் கூடாது, ஹேஸலும் போகக் கூடாது.

கோமாரிதான் என்று பதில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஹேஸல் என்னைத்தான் கேட்டாள், வாக்கரைக் கேட்கவில்லை. சொன்னேன். தொழுவத்துப் பக்கம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாக மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படி ஆச்சுன்னா, கடைசியில அவங்க தலையை நான்தான் பிடிச்சுக்குவேன். வேற யாரும் பிடிக்கக் கூடாது. அதை மட்டும் எனக்கு வாங்கிக் கொடு, டாக்."

அதெல்லாம் தேவைப்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். அது மஞ்சள் தாளில்கூட எழுத முடியாத பேச்சு. சரி என்று மட்டும் சொன்னேன். வாக்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கிருமிநாசினியில் கழுவி, குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு சாயங்காலம் செந்தில் வீட்டுக்குப் போனேன். அந்தச் செருப்பை வாங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. வீடே துக்க வீடு மாதிரி இருந்தது. செந்தில் அம்மாவைத் திட்டி முடித்து, சொல்லிக்கொடுத்தது தான்தான் என்பது உறைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ருக்குமணி அம்மா சமையலறையில் தரையில் இருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்றாள் கவிதா.

"கோமாரிக்குப் போய் மாட்டைக் கொல்லுவாங்களா தம்பி?" என்று கேட்டார். இங்கே அப்படித்தான் அம்மா என்றேன். அவர் அழவில்லை. கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டார். "எங்கையால ஒரு சீவன் சாகறதுக்கா நான் ஏரோப்ளேன் ஏறி வந்தேன்? அது என்ற கையை நக்குச்சுங்க தம்பி."

 இன்னும் முடிவு வரவில்லை என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை. நான் மேஜையில் உட்கார்ந்து தாள்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வசந்தா காபி கொண்டுவந்தாள். டம்ளரை விரலால் பிடிக்காமல், புடவைத் தலைப்பைச் சுற்றி உள்ளங்கையில் தாங்கிக் கொண்டுவந்து வைத்தாள். ஏன் இப்படிப் பிடிக்கிறாய் என்றேன், கொஞ்சம் எரிச்சலாகத்தான்.

"விரல் எரியுதுங்க. ஞாயித்துக்கிழமையே சொன்னேன், திங்கக்கிழமையும் சொன்னேன். நீங்க ம்ம்னு சொன்னீங்க."

கையைக் காட்டினாள். வலது கையில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். கோலம் போடுகிற மூன்று விரல். நுனித்தோல் வெந்து, வெடித்து, உரிந்திருந்தது. முந்தின நாள் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்த அதே புண்.

 எழுந்து கராஜுக்கு ஓடினேன். மூலையில் அந்த மூட்டை இருந்தது, பாதி காலியாக. மாட்டுக் கொட்டகைத் தரையில் கிருமி சாகத் தூவுவதற்கு நான் வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புத் தூள்.

நடந்தது இதுதான். அரிசி மாவில் கோலம் போட்டால் டெக்சாஸில் நெருப்பெறும்பு மொய்க்கும். முந்தின வருஷம் ஒரு கிரகப்பிரவேசத்தில் வெறுங்காலோடு நின்ற அத்தனை பேரையும் கடித்து வைத்துவிட்டது. ஊரிலிருந்து வந்த கோலமாவும் தீர்ந்துவிட்டது. என்ன செய்வது என்று வசந்தா கேட்டபோது, எறும்பே வராத பொடி ஒன்று தருகிறேன், பளிச்சென்று இருக்கும் என்று பெருமையாக இதிலிருந்து ஒரு டப்பா நிறைய அள்ளிக் கொடுத்தேன். தண்ணீர் பட்டால் அது தோலை அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? பண்ணைக்காரர்களுக்குக் கையுறை போடுங்கள் என்று சொல்கிறவனே நான்தான். ஆனால் வீட்டில் டப்பாவில் போட்டுக் கொடுத்ததும் என் மனசில் அது கோலப்பொடி ஆகிவிட்டது. ஈரத் தரையில் வசந்தா வெறும் விரலால் போட்டாள். அதன்மேல் ரோஸியை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். சுண்ணாம்பு பட்டு மஞ்சள் சிவந்ததை ஆரத்தி சிந்தியது என்று விட்டுவிட்டோம். சிந்திய வெல்லத்தோடு சேர்த்து அவள் கோலத்தையும் நக்கினாள். நான் பத்தடி தூரத்தில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். மாலையில் தீவிலிருந்து நோய் இல்லை என்று பதில் வந்துவிடும். காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். அப்படி எத்தனையோ கோப்புகள் மூடப்பட்டிருக்கின்றன. மானம் போகாது. இதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் வசந்தாவின் நிபந்தனையை மீறியவன் ஆவேன். நன்றாகவே நினைத்தேன். வாளியில் உட்கார்ந்திருந்த ஹேஸலும், கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவும்தான் என்னை எழுப்பினார்கள். மாலை வரை அவர்கள் இன்னும் எத்தனை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

வாக்கரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அந்த மௌனம். அவ்வளவு நீளமான மௌனத்தை அவரிடம் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"எந்தத் தாளில் எழுதப் போகிறாய்?" என்றார்.

மூட்டையையும் விரலையும் கண்ணால் பார்த்தேன், அது வெள்ளை என்றேன். ரோஸிக்கு வந்தது இதனால்தான் என்பது, பதில் வரும்வரை மஞ்சள்.

"நல்லது. அப்படியானால் பதில் வரும்வரை கேட்டில் சங்கிலி இருக்கட்டும். அந்தப் பெண்மணிகள் இருவரிடமும் இதை இப்போதே சொல்லிவிடு. நீயே சொல்." போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "உன் மனைவியின் கைக்கு என்ன மருந்து போட்டாய்?"

ஒன்றும் போட்டிருக்கவில்லை. அவளை மேஜை பக்கத்தில் கையை நீட்டியபடியே நிற்கவைத்துவிட்டு நான் கராஜுக்கு ஓடியிருந்தேன்.

உள்ளே போனேன். வசந்தா நான் விட்டுவிட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்து ஆறிப்போன காபியைத் தானே குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைத் தண்ணீரில் கழுவி, களிம்பு போட்டு, ஒவ்வொரு விரலாகக் கட்டினேன். முந்தின நாள் பதினோரு மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவன் நான். என் வீட்டில் மூன்று நாளாக ஒரு கை என் முன்னாலேயே வந்து போய்க்கொண்டிருந்தது. மன்னித்துவிடு என்றேன். முதலில் அந்த அம்மாவுக்கு போன் பண்ணுங்க என்றாள்.

ருக்குமணி அம்மாவிடம் போனில் நடந்ததைச் சொன்னேன். உங்கள் கையால் இல்லை, என் கையால் என்று திரும்பச் சொன்னேன். அப்புறம்தான் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டுவிட்டார் என்று அரை மணி நேரம் கழித்துக் கவிதா சொன்னாள்.

ஹேஸலிடம் நேரில் போய், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். சங்கிலியைப் பிடித்தபடி முழுவதும் கேட்டாள். "அப்படியானா அவ நாக்கைச் சுட்டது நீதான்" என்றாள். ஆமாம் என்றேன். திரும்பித் தொழுவத்துக்கு நடந்து போய்விட்டாள். மாலை ஐந்து மணிக்கு, கோமாரி இல்லை என்று தீவிலிருந்து பதில் வந்தது. சங்கிலியை வாக்கர் தன் கையால் கழற்றினார். ஹேஸல் அவருடைய கையைக் குலுக்கினாள், என்னைப் பார்க்கவில்லை.

அவள் என்னோடு பேச மூன்று வாரம் ஆயிற்று. வசந்தாவோடு மட்டும் போனில் பேசினாள். உன் விரல் எப்படி, ரோஸியின் நாக்கு எப்படி என்று இருவரும் தினமும் விசாரித்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே சமயத்தில்தான் புதுத் தோல் வந்தது.

ஊரிலிருந்து வந்தவர்கள் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒதுங்கி இருக்க வேண்டிய நாட்களெல்லாம் கழிந்து, இன்னும் பல நாள் விட்டு, ருக்குமணி அம்மாவைப் பண்ணைக்கு அழைத்துப் போனோம். ஹேஸல் தன்னுடைய பூட்ஸைக் கொடுத்தாள். பட்டுப் புடவைக்குக் கீழே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோடு அவர் தொழுவத்துக்குள் நடந்தார். ராகிக் கூழ் கரைத்து, நன்றாக ஆறவைத்து, தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தார். ரோஸி மோந்து பார்த்தாள், பிறகு தூக்குக்குள்ளேயே முகத்தை விட்டாள். குடித்து முடித்து அந்த அம்மாவின் கையை மணிக்கட்டு வரை நக்கினாள். இவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஹேஸலுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் மாட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அவரவர் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பழம் நீட்டினேன். ரோஸி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹேஸல் அப்போதுதான் சிரித்தாள்.

வாக்கர் இப்போது இல்லை. அந்தக் கோப்பில் என் பெயரும் என் மூட்டையும் அப்படியே இருக்கின்றன. இதெல்லாம் நடந்த பிறகு, புது டாக்டர்கள் வந்தால் பண்ணைக்காரர்களின் கையையும் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் அந்த வெள்ளிப் பசுவுக்கு முன்னாலும் வசந்தாதான் கோலம் போட்டாள், அரிசி மாவில். எறும்பு வந்தால் வரட்டும். நான் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சின்னவர்கள் சிரித்தார்கள், அங்கிள் கோலத்தைச் சாப்பிடுகிறார் என்று. நான் நிமிர்ந்து வசந்தாவைப் பார்த்தேன். கேட்பதற்கு முன்னாலேயே அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.